கட்டி எடுத்த பிறகு

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஸ்ரெல்லாவிடம் ஏதாவது சொல்ல வருகிறவர்கள் அவளுடைய வலப்பக்கம் வந்து நின்றுதான் சொல்வார்கள். அவளுக்கு இடது காது கேட்காது. நண்டுக் கொம்பனியில் அவளோடு இருந்து நண்டுச் சதை எடுக்கிற பெண்களுக்கு இது பழகிப்போன விஷயம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். காது எப்படிப் போனது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அடித்தது அவளுடைய கணவன் சிமியோன்.

சிமியோன் நல்ல தொழிலாளி. காற்று மாறப்போவதை மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவான். கோயில் திருநாளில் மாதா சுரூபம் தூக்க முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். குடியும் குறைவு. வெளியே அவன் சத்தமாகக் கதைத்ததைக் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் இல்லை. வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வந்தால் வேறு ஆள். குழம்பில் உப்புக் கூடினால் அடி. அவள் பதில் சொன்னால் அடி, சொல்லாமல் நின்றாலும் அடி.

முதல் அடி விழுந்தபோது மகன் ஜெனிஸ் தவழத் தொடங்கியிருந்தான். ஸ்ரெல்லா அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கடலால் வந்த சிமியோன் படலையடியில் நின்றபடியே, "என்ன, பால் எரியுது?" என்றான். அவள் ஓடிவந்து பானையை இறக்கிவிட்டுத் திரும்ப, கன்னத்தில் விழுந்தது. அவள் அதைத் தன் தாயிடம்கூடச் சொல்லவில்லை. அவனுக்குக் கடலில் ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த அடிக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டாள்.

காது போனது ஜெனிஸ் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருஷம். அன்றைக்கு அவன் தாயை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மருந்து கட்டி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு மன்னாரிலிருந்த மாமன் வீட்டுக்குப் போனவன், பிறகு திரும்பவில்லை. அங்கே வள்ளங்களின் எஞ்சின் திருத்தப் பழகினான். ஜெசிதா என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தான். ஒரு பெண்பிள்ளை பிறந்தது. தாயோடு மட்டும் போனில் கதைப்பான்.

அதன் பிறகு சிமியோன் இன்னும் மோசமானான். முன்பு வீட்டுக்குள்ளே இருந்தது இப்போது வெளியேயும் வந்தது. மீனவர் சங்கக் கூட்டத்தில் கதிரையைத் தூக்கி எறிந்தான். பூசை நடுவில் எழுந்து, "காணும் சுவாமி, பிரசங்கத்தை நிப்பாட்டும்," என்று கத்தினான். குளிக்காமல் திரிந்தான். கூட்டாளிகள் அவனைத் தொழிலுக்குக் கூட்டிப்போகத் தயங்கினார்கள். வயது போகப் போக மூர்க்கம் கூடுகிறது என்று ஊர் பேசியது. ஒருநாள் காலையில் இறங்குதுறையில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து மீன்களுக்கு மேலேயே விழுந்தான்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் ஒரு இளம் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நெற்றிக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டினாள். எலுமிச்சம்பழத்தை விடப் பெரிதாக இருந்தது.

"இது கான்சர் இல்லை அம்மா. மூளையைச் சுத்தியிருக்கிற சவ்விலை வளந்த கட்டி. மெல்ல மெல்லத்தான் வளரும். இவருக்கு மணம் தெரியாமல் போய்க் கனகாலமோ?"

ஸ்ரெல்லா யோசித்தாள். "ஓம் டொக்டர். ஒருக்கா வள்ளத்துக்குள்ளை திருக்கை அழுகிக் கிடந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்க, இவர் அதுக்குப் பக்கத்திலை இருந்து சோறு சாப்பிட்டவர். மகன் அப்ப பத்தாம் வகுப்பு."

"கோவக்காரரோ?"

டொக்டர் இடப்பக்கம் நின்று கேட்டதால் அது ஸ்ரெல்லாவின் காதில் விழவில்லை. டொக்டர் மற்றப் பக்கம் வந்து திரும்பக் கேட்டாள். பிறகு, "காதுக்கு என்ன நடந்தது?" என்றாள்.

"அவர்தான்," என்றாள் ஸ்ரெல்லா.

டொக்டர் படத்தைக் கீழே வைத்தாள்.

"கோவம் எல்லாருக்கும் வரும். கையை ஓங்க முதல், வேண்டாம் எண்டு உள்ளுக்குள்ளை ஒண்டு பிடிக்கும். நெத்திக்குப் பின்னாலை இருக்கிற மூளைதான் அந்தப் பிறேக். கட்டி அதைத்தான் அமத்திக்கொண்டு இருந்திருக்கு."

"அப்ப என்னை அடிச்சது கட்டியோ?"

"கொஞ்சம் கட்டியா இருக்கலாம். எவ்வளவு எண்டு என்னாலை சொல்லேலாது. எப்ப தொடங்கினது எண்டும் சொல்லேலாது. பத்து வருஷமா இருக்கலாம், கூடவாயும் இருக்கலாம்."

கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. தலையில் ஒரு காதிலிருந்து மற்றக் காதுவரை தையலோடு சிமியோன் வீடு வந்தான். மணம் திரும்பவில்லை. வலிப்புக்கு மருந்து எடுப்பதால் கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். அவன் முற்றத்துப் பூவரசின் கீழே இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுக்கத் தொடங்கினான்.

அவன் மாறிவிட்டான் என்பது ஸ்ரெல்லாவுக்கு முதலில் தெரிந்தது ஒரு பகல் நேரத்தில். சோற்றுப் பானையை வடிக்கும்போது கைதவறிவிட்டது. சோறு நிலமெல்லாம் கொட்டுண்டது. அவள் அந்த இடத்திலேயே குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். காலடிச் சத்தம் கிட்ட வந்தது. ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சிமியோன் அவளுக்கு முன்னால் குந்தியிருந்து சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான்.

"சுட்டதோ?" என்று கேட்டான்.

அவள் எழுந்து பின்வளவுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

நாட்கள் போகப் போக அவன் இன்னும் சாந்தமானான். முற்றம் கூட்டினான். ரி.வி.யில் யாராவது அழுதால் அவனும் அழுதான். அவள் கொம்பனியால் வரும்போது தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு இருப்பான். சீனி அளவு தெரியாமல் அள்ளிப் போட்டிருப்பான். அவள் குடிப்பாள். அவன் கோப்பையை நீட்டும்போது அவளுடைய தோள் தானாக உயர்ந்து காதை மூடும். அவன் அதைக் கண்டால் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவான். அதுவும் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

ஊருக்குச் சந்தோஷம். சிமியோனின் தமக்கை இராசாத்தி வந்து ஸ்ரெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்ரை தம்பி அப்பிடிப்பட்டவனில்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும் மச்சாள். எல்லாம் அந்த அறுந்த கட்டி. வருத்தக்காரனை நாங்கள் எல்லாரும் சேர்ந்து பழி சொல்லிப்போட்டம்."

"ஓம்," என்றாள் ஸ்ரெல்லா.

கோயிலில் பங்குச் சுவாமியார் நன்றிப் பூசை வைத்தார். பிரசங்கத்தில், நோயை அறியாமல் ஒரு மனிதனைத் தீர்ப்பிட்டோமே என்றார். கொம்பனிப் பெண்கள், "நீ குடுத்து வைச்சனி ஸ்ரெல்லாக்கா," என்றார்கள். இத்தனை வருஷமாக அவளுக்கு அடி விழுந்ததைப் பற்றி வாய் திறக்காதவர்கள் எல்லோரும் இப்போது அதைப் பற்றித் தாராளமாகக் கதைத்தார்கள். அடித்தவன் என்று ஒருவன் இல்லாமல் போனதும் கதைப்பது சுலபமாகிவிட்டது. அவளுக்குத்தான் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன்பு ஒரு முகம் இருந்தது. இப்போது அந்த முகத்தோடு இன்னொருவன் பூவரசின் கீழே இருந்து வலை பொத்துகிறான். அவனைப் பார்த்துக் கோபப்பட்டால் அவள்தான் கெட்டவள்.

ஒருநாள் மருந்து எடுக்கத் தனியே போனபோது டொக்டரிடம் கேட்டாள்.

"அவருக்கு வெட்டி எடுத்தாச்சு டொக்டர். எனக்கு எதை வெட்டுறது?"

டொக்டர் சிரிக்கவில்லை. "பயமும் மூளையிலை பதியிறதுதான் அம்மா. ஆனா அது கட்டி மாதிரி ஒரு இடத்திலை உருண்டு கிடக்கிறதில்லை. அடி வரும் எண்டு எவ்வளவு காலமா உங்கடை மூளை படிச்சு வைச்சிருக்கு. இனி வராது எண்டு அதுக்குத் திரும்பப் படிப்பிக்க வேணும். மெல்ல மெல்லக் குறையும். முழுக்கப் போகுமெண்டு சொல்லமாட்டன்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"தெரியாது."

ஸ்ரெல்லா எழும்பிப் போகவில்லை. மருந்துப் பையைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு பால் எரிந்த கதையைச் சொன்னாள்.

"படலையிலை நிண்டே மணம் பிடிச்சவர் டொக்டர். அண்டைக்கு அவருக்கு மூக்கு நல்லா இருந்தது. அண்டைக்குத்தான் முதல் அடிச்சவர்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தாள். "மணம் ஒரே நாளிலை போறதில்லை. ஆனா நீங்கள் சொல்லுறது சரியாயும் இருக்கலாம்," என்றாள்.

அதை ஸ்ரெல்லா வேறு யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இராசாத்தி என்ன சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு கிழமையில் ஜெனிஸ் வந்தான். தகப்பனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோதுகூட வராதவன். தனியாக வந்திருந்தான். பூவரசின் கீழே இருந்த சிமியோன் எழுந்து நின்றான். ஜெனிஸ் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேரே குசினிக்குள் போனான். ஸ்ரெல்லா கணவாய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை எங்கை? ஜெசிதா வரேல்லையே?"

அவன் கதவடியில் நின்றான். "அம்மா, உந்தக் கட்டி பரம்பரையா வருமோ?"

"இல்லையெண்டுதான் டொக்டர் சொன்னவ. ஏன் தம்பி, தலையிடிக்குதோ?"

"நானும் ஸ்கான் எடுத்துப் பாத்தனான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னவாம்?"

"ஒண்டும் இல்லையாம். எல்லாம் சுத்தமாம்."

"மாதாவே. நல்லதுதானே ராசா."

"நல்லதில்லை அம்மா," என்றான் ஜெனிஸ். கதவு நிலையில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்தான். "கட்டி இருக்கும் எண்டு நினைச்சுத்தான் போனனான். இருக்க வேணும் எண்டு நேந்துகொண்டு போனனான்."

பிறகு சொன்னான். ஜெசிதாவை அடித்துவிட்டான். முதல் தடவை இல்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஸ்ரெல்லா மகனைப் பார்த்தாள். அவள் அடிபடும்போது இதே குசினியின் மூலையில் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற பிள்ளை இவன். ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும்போது இவனுடைய சேட்டெல்லாம் அவளுடைய இரத்தம்.

"எங்கை அடிச்சனி?" என்று கேட்டாள்.

அவன் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

"காதிலை பட்டதோ?"

"இல்லை."

"நல்லாத் தெரியுமே?"

"இல்லை அம்மா. படேல்லை." அவன் அழத் தொடங்கினான். "அப்பாவுக்குக் கட்டி. எல்லாரும் விளங்கிக்கொண்டினம். எனக்கு என்ன? அப்பிடிச் செய்யக்கூடாது எண்டுதானே நான் இந்த வீட்டை விட்டே போனனான். எங்கை இருந்து வந்தது?"

சிமியோன் குசினி வாசலில் வந்து நின்றதை இருவரும் காணவில்லை. அவன் உள்ளே வரவில்லை. வாசற்படியில் இருந்துகொண்டான். கையில் வலை பொத்துகிற ஊசி இருந்தது.

"ஜெனிஸ்," என்றான். "நீ சின்னனா இருக்கேக்கை ஒருநாள் சுவாமி வீடு சந்திக்க வந்தவர்."

ஸ்ரெல்லா வாசல் பக்கம் திரும்பினாள்.

"நான் கொம்மாவைத் தலைமயிரிலை பிடிச்சபடி நிண்டனான். படலையிலை சுவாமியின்ரை குரல் கேட்டது. கையை விட்டன். கொடியிலை கிடந்த சேட்டை எடுத்து உடம்பிலை போட்டன். போய்ச் சிரிச்சுக்கொண்டு கதிரை குடுத்தன். அவர் தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் அவரோடை தொழிலைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தனான். அவர் போனாப்பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலை இருந்து தொடங்கினனான்." அவன் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கட்டிக்குச் சுவாமியைத் தெரியுமே?"

ஜெனிஸ் தகப்பனை நிமிர்ந்து பார்த்தான்.

"டொக்டர் சொன்ன அந்தப் பிறேக் எனக்கு இருந்தது. கோயில் ஆக்களுக்குப் பிடிச்சனான். சங்கத்து ஆக்களுக்குப் பிடிச்சனான். உங்கள் ரெண்டு பேருக்கும் பிடிக்கேல்லை. பிறகு கட்டி வந்து, ஊருக்குப் பிடிச்சதையும் அறுத்துப்போட்டுது. அவ்வளவுதான். உன்ரை தலைக்குள்ளை கட்டி தேடாதை. நீயும் ஆரும் வந்தால் நிப்பாட்டுவாய்தானே?"

ஜெனிஸ் தலையைக் குனிந்துகொண்டான். "ஓம்," என்றான். "மாமி வந்தால் நிப்பாட்டுவன்."

இந்த வார்த்தைகளைக் கேட்க ஸ்ரெல்லா எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள். அடித்தது நான்தான் என்று சிமியோனின் வாயால் வரவேண்டும் என்று. வந்தபோது அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை என்பது இப்போது உறுதியாகிவிட்டது. அத்தனை நாளும், அத்தனை தடவையும்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"எல்லாரும் கட்டி எண்டு சொல்ல எனக்குச் சுகமா இருந்தது," என்றான் சிமியோன்.

அவள் கணவாயை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். "தம்பி, நீ இஞ்சை நில். நான் மன்னாருக்குப் போட்டு வாறன்," என்றாள்.

அடுத்த நாளே பஸ் ஏறிப் போனாள். ஜெசிதாவின் தாய், சம்பந்தி சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து அவசரமாகக் கோழி அடித்தாள். ஸ்ரெல்லா ஜெசிதாவைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பேத்தி அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. ஜெசிதாவின் கன்னத்தில் அடி விழுந்த இடம் நிறம் மாறி ஆறத் தொடங்கியிருந்தது.

"காது நல்லாக் கேக்குதோ பிள்ளை?"

"ஓம் மாமி."

"ரெண்டும்?"

"ஓம்."

"அப்பச் சரி," என்றாள் ஸ்ரெல்லா. "இப்ப திரும்பிப் போகாதை. நான் உன்னைக் கூப்பிட வரேல்லை. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் அதுக்குரிய ஆக்களோடை கதைக்கட்டும். மாறுறானோ எண்டு பாப்பம். நீ ஒரு காரணமும் தேடிக் குடுக்காதை. களைச்சுப்போனான், வேலை கஷ்டம் எண்டெல்லாம் நீயே சொல்லிக்கொள்ளாதை. நான் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்தனான்."

ஜெசிதா தயங்கினாள். "மாறேல்லை எண்டால் மாமி?"

"போகாமலே விடு. அவன் என்ரை பிள்ளைதான். இருந்தும் சொல்லுறன்."

ஜெனிஸ் அதற்குப் பிறகு மன்னார் ஆஸ்பத்திரியில் கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணைக்குப் போகிறான். முதல் சில தடவைகள் வாய் திறக்கவில்லையாம். பிறகு, கோபம் ஏறுவதற்கு முன்னே தன் பல் கடிபடுவதைத் தான் கவனித்ததாகத் தாய்க்குப் போனில் சொன்னான். பல் கடிபட்டால் எழுந்து வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். போகிறானாம். ஜெசிதா இன்னும் அவனோடு சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவன் மாமியார் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கலாம். மாமியார் பக்கத்தில் இருப்பார். அவர் இல்லாத நேரத்தில் அவன் எப்படி இருப்பான் என்பதுதான் ஜெசிதாவின் கேள்வி.

இராசாத்தி ஸ்ரெல்லாவோடு கதைப்பதில்லை. மகன் குடும்பத்தைப் பிரித்து வைத்தவள் என்று சொல்லித் திரிகிறாள். சிமியோன் அவள் வீட்டுக்குப் போய், சுவாமி வந்த கதையைச் சொல்லிவிட்டு வந்தான். கட்டி எடுத்ததில் தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இராசாத்தி சொன்னாளாம்.

ஸ்ரெல்லாவும் சிமியோனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் முன்னறையில் படுக்கிறாள், அவன் விறாந்தையில். சில நாட்களில் அவனிடமிருந்து கோப்பையை வாங்கும்போது தோள் உயர்வதில்லை. சில நாட்களில் முன்னைவிட மோசமாக உயர்கிறது. மன்னித்துவிட்டாயா என்று சுவாமியார் கேட்டபோது, "இன்னும் இல்லை சுவாமி," என்றாள்.

ஒருநாள் அடுத்த வீட்டு ஆடு படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, அவன் பொத்தி முடித்த வலையை மிதித்துச் சிக்கலாக்கிவிட்டது. சிமியோன் கத்தினான். கட்டி எடுத்த பிறகு அவனிடமிருந்து அவள் கேட்ட முதல் சத்தம் அது. ஒரு தடியை எடுத்தான், பிறகு போட்டுவிட்டான். வலை கெட்டால் எந்த மனிதனும் கத்தத்தான் செய்வான். ஆனால் ஸ்ரெல்லா குசினிக்குள் நின்று, கட்டி திரும்ப வளர்கிறதா, அல்லது இது அவனேதானா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எது நல்லது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

போன மாதம் திரும்ப ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் படத்தைப் பார்த்து, மிச்சம் மீதி ஒன்றும் இல்லை, புதிதாக வளரவும் இல்லை என்றாள். மருந்துக்கு ஆட்கள் நிறைய நின்றதால் இருவரும் ஆஸ்பத்திரியின் நீண்ட மர வாங்கில் இருந்தார்கள்.

"இனி நான் கையை ஓங்கினால் அது நான்தான்," என்றான் சிமியோன்.

"அதுதான் எனக்குப் பயம்."

"எனக்கும்," என்றான் அவன்.

அவள் அவனைப் பார்த்தாள். பொய் சொல்கிறான் என்று தோன்றவில்லை. ஆனால் அந்தப் பயம் அவனைப் பிடித்து வைத்திருக்கும் என்று நம்பவும் அவளால் முடியவில்லை. மருந்துக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்தான்.

"வாங்கோ, போவம்," என்றாள் ஸ்ரெல்லா. "கொம்பனிக்கு நேரம் போகுது."